யாழ்ப்பாணத்தில் தனியாகத் தங்கும் பெண்ணுக்கு: அறையைப் பார்க்கும் முன் ஒழுங்கையைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துக்குத் தனியாக வரும் பெண்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் அறை எடுக்கிறார்கள். ஏசி உண்டா, சுடுதண்ணீர் வருமா, காலைச் சாப்பாடு சேர்த்தா என்று விசாரிக்கிறார்கள். அறை எந்த ஒழுங்கைக்குள் இருக்கிறது என்பதை விசாரிப்பவர்கள் குறைவு. தமிழகத்திலிருந்து வருபவர்களுக்காகச் சொல்கிறோம்: ஒழுங்கை என்றால் பெரிய வீதியிலிருந்து உள்ளே பிரியும் சந்து. கண்டி வீதி, பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி, ஆஸ்பத்திரி வீதி என்று பெரிய வீதிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிச்ச ஊர் முழுக்க ஒழுங்கைதான். பல ஒழுங்கைகளில் ஒரு கார் போனால் எதிரே சைக்கிள் வருபவர் இறங்கி நிற்க வேண்டும்.

இந்த ஊர் நேரத்தோடு படுத்துவிடும். இரவு 8 மணிக்குக் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கும். 9 மணிக்கு மேல் உள் ஒழுங்கையில் நாய்களைத் தவிர வேறு நடமாட்டம் இருக்காது. சென்னையிலோ ரொறன்ரோவிலோ இரவில் பழகிய கணக்கு இங்கே சரிவராது. அங்கே தெருவில் அந்நியர் கூட்டமே துணையாக நிற்கும். இங்கே துணை, உங்களை முகம் தெரிந்து வைத்திருக்கும் நாலு வீடும் ஒரு கடையும்தான். அதனால் வந்த முதல் நாள், வெளிச்சம் இருக்கும்போதே, அந்த நாலு பேருக்கு நீங்கள் ஆர் என்று தெரிய வைத்துவிட வேண்டும். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அதற்கான வழிதான்.

எந்தப் பக்கம் தங்குவது

நல்லூர்ப் பக்கம், குறிப்பாகக் கோயில் வீதியும் நாவலர் வீதியும் அதை அண்டிய ஒழுங்கைகளும், முதல் தடவை வருபவருக்கு ஏற்றவை. கந்தசுவாமி கோயிலில் விடியற்காலைப் பூசை தொடங்கி மாலைப் பூசை வரை பெண்கள் தனியாகவும் கூட்டாகவும் நடந்து வந்து போவார்கள். தனியாக நடக்கும் பெண்ணை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆவணியை ஒட்டி வரும் 25 நாள் திருவிழாக் காலத்தில் நிலைமை வேறு. கோயிலைச் சுற்றிய வீதிகளை வாகனங்களுக்கு மறித்துவிடுவார்கள். ஓட்டோ தடையோடு நின்றுவிடும், பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அறை தடைக்கு உள்ளேயா வெளியேயா, நடை எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். தேர் நாளில் நெரிசலுக்குள் சங்கிலி அறுப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.

திருநெல்வேலியும் பரமேஸ்வராச் சந்தியும் பல்கலைக்கழகத்தை நம்பி வாழும் பகுதி. வெளியூர் மாணவிகள் அறை எடுத்துத் தங்கும் வீடுகள் நிறைய. வீட்டுக்காரர்களுக்குத் தனியாகத் தங்கும் பெண்பிள்ளைகள் பழக்கம், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத் தொந்தரவு செய்யாமல் இருப்பார்கள். விடுமுறை விட்டால் அதே ஒழுங்கைகள் வெறிச்சோடும். நீங்கள் வரும் வாரம் பல்கலைக்கழகம் நடக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேருந்து நிலையமும் ஆஸ்பத்திரி வீதியும் பார்வைக்கு அழகில்லாத இடம்தான். ஆனால் போதனா வைத்தியசாலை இரவு முழுக்க விழித்திருக்கும் கட்டடம். வாசலில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள், ஓட்டோக்கள் என்று எந்நேரமும் ஆள் இருக்கும். விடியப்புறம் வந்து சேர்பவர்களுக்கு முதல் இரவை அங்கே கழிப்பது நல்லது. பேருந்து நிலையத்தின் உட்பக்கம் இரவானால் அப்படியல்ல, கடைசிப் பஸ் போனதும் காலியாகிவிடும்.

சுண்டுக்குளி, பழைய பூங்கா, பிரதான வீதிப் பக்கம் பகலில் பள்ளிக்கூடங்களாலும் தேவாலயங்களாலும் கலகலப்பாக இருக்கும். இரவில் அதே பள்ளிகளின் நீண்ட மதில்கள்தான் பிரச்சினை. 200 மீற்றர் நடந்தாலும் தட்டுவதற்கு ஒரு வீட்டு வாசல் வராது. கோட்டையும் பண்ணைக் கடற்கரையும் பொழுது சாயும் வரை அருமை, குடும்பங்கள் காற்று வாங்க வரும். இருட்டியதும் கிளம்பிவிடுங்கள், சுற்றிவரக் குடியிருப்பு இல்லை. குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கடலோர ஊர்களை ஆபத்தான இடம் என்று சிலர் ஒதுக்குவார்கள். அது நியாயமில்லை. விடியும் முன்னமே எழும்பித் தொழிலுக்குப் போகும் ஊர்கள் அவை, எந்நேரமும் ஒரு கண் விழித்திருக்கும். அறைகள் குறைவு என்பதுதான் உண்மை. அரியாலை, கோண்டாவில், இணுவில், மானிப்பாய் அமைதியான இடங்கள். சொந்த வாகனமோ தெரிந்த ஓட்டோவோ இல்லாமல் அங்கே தங்கினால் மாலையில் வீட்டுக்குள் அடைந்துகிடக்க நேரும்.

ஒரு வீட்டை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்: வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் "எங்கட வீடு சும்மாதானே கிடக்கு, நீர் போய் நில்லும்" என்று தரும் பெரிய காலி வீடு. அன்பாகத்தான் தருகிறார்கள். ஆனால் 6 அறை வீட்டில் ஒரு பெண் தனியாக நிற்பது ஊருக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். திறப்பு, அதாவது சாவி, பராமரிப்பவர் கையிலும், பெரும்பாலும் இன்னும் இரண்டு மூன்று பேர் கையிலும் இருக்கும். வெளிநாட்டுப் பணமும் நகையும் இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் குறிவைப்பதும் அப்படிப்பட்ட வீட்டைத்தான். வீட்டுக்காரக் குடும்பம் அதே வளவுக்குள், அதாவது அதே வீட்டு மனைக்குள், குடியிருக்கும் வீட்டில் சின்ன அறை கிடைத்தாலும் அதையே எடுங்கள்.

ஒழுங்கையை எப்படிப் பார்ப்பது

முன்பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு காணொளி கேளுங்கள். அறையைக் காட்ட வேண்டாம். சந்தியிலிருந்து வீட்டுக் கேற் வரை கைபேசியைப் பிடித்தபடி நடந்து அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் இரவு 7 மணிக்கு. தயங்காமல் அனுப்பும் வீட்டுக்காரர் நாளைக்கு நீங்கள் கூப்பிட்டாலும் கேற்றடிக்கு வருவார். காணொளி கிடைக்காவிட்டால் ஒரே ஒரு இரவுக்கு மட்டும் பணம் கட்டி வந்து, நேரில் பார்த்துவிட்டு நீடியுங்கள்.

நேரில் பார்க்கும்போது மாலை 5 மணிக்கு ஒரு தடவையும், 6.45க்கு வீட்டுக்கார அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு இன்னொரு தடவையும் சந்தியிலிருந்து நடந்து பாருங்கள். இங்கே பொழுது சாய்வது ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே நேரம்தான். நவம்பரில் 6 மணிக்குச் சற்று முன், ஜூலையில் 6.30 தாண்டி. கோடையில் 9 மணி வரை வெளிச்சம் பார்த்துப் பழகியவர்கள் இதில்தான் கணக்குத் தவறுகிறார்கள்.

முதலில் வேலியைப் பாருங்கள். கிடுகு வேலியோ, உயிர்க் கம்பு நட்ட கதியால் வேலியோ, இடுப்பளவு மதிலோ என்றால் ஒழுங்கையில் நடப்பவர் குரல் வீட்டுக்குள் கேட்கும், முற்றத்தில் நிற்பவர் உங்களைக் காண்பார். கடந்த சில பத்தாண்டுகளில் வெளிநாட்டுக் காசில் எழும்பிய ஆளுயர மதில்கள் இரண்டு பக்கமும் வந்துவிட்டால் அந்த ஒழுங்கை குழாய் மாதிரி. உள்ளே நடப்பது வெளியே தெரியாது, சத்தமும் போகாது. விலை கூடிய வீடுகள் உள்ள ஒழுங்கைதான் பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே பலமுறை பொய்க்கிறது.

அடுத்தது வெளிச்சம். மின்கம்பம் இருப்பது வேறு, அதில் லைற் எரிவது வேறு. சந்தியிலிருந்து கேற் வரை எரியும் லைற்றுகளை எண்ணுங்கள். அடுத்தடுத்து இரண்டு கம்பம் இருண்டு கிடந்தால் அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், இரவில் அதைக் கால்நடையாகத் தாண்ட வேண்டாம். மார்கழி மழையில் ஒழுங்கை தண்ணீரில் மூழ்கினால் ஓட்டோ உள்ளே வராது. மழைக்காலத்தில் வருபவர்கள் பெரிய வீதியோரமாகவே அறை எடுங்கள்.

பிறகு, வழியில் கள்ளுத் தவறணையோ மதுக்கடையோ இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். பகலில் பூட்டிக் கிடக்கும் கொட்டில் எது என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. பின்னேரம் 5 மணிக்கு மேல் அதன் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும்போதுதான் புரியும். தவறணை இருந்தால் வேறு பாதையைப் பழகிக்கொள்ளுங்கள், அல்லது அந்த நேரத்தில் ஓட்டோவில் வாருங்கள்.

நல்ல அடையாளங்களும் உண்டு. சந்தியில் பெண் நிற்கும் கடை: தையல் கடை, ரிலோட் போட்டுப் போட்டோக்கொப்பி எடுக்கும் கொமியூனிகேஷன், பாமசி. ஒழுங்கை முகப்பில் விளக்கு வைக்கும் வைரவர் கோயில். சனசமூக நிலையம். பின்னேரம் வயதானவர்கள் உதயன், வலம்புரி பத்திரிகைகளை விரித்துவைத்துக்கொண்டு இருக்கும் வாசிகசாலை உள்ள சந்தியில் அட்டகாசம் செய்ய இளவட்டங்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த ஐயாமார் உங்களைக் கேள்வி கேட்டே களைக்க வைப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பலர் மறக்கும் நேரம் ஒன்று: மத்தியானம் 1 முதல் 3 மணி. வெயிலுக்குக் கதவைச் சாத்தி எல்லாரும் படுத்திருப்பார்கள். அந்த நேரத்து ஒழுங்கை இரவு 10 மணி ஒழுங்கை போலத்தான். ஞாயிறென்றால் கடைகளும் பூட்டு.

கதவும் கிணற்றடியும்

அறைக்குள் போனதும் பையை வைக்கும் முன் தாழ்ப்பாளைப் பாருங்கள். பழைய வீடுகளில் கதவு பாலை மரம், கனமாக இருக்கும். தாழ்ப்பாள் மட்டும் பின்னால் மாற்றிய மலிவான தகரமாக இருக்கும். கம்பியைத் தள்ளிப் போடுங்கள், அது நிலைத் துளைக்குள் அரை அங்குலமாவது இறங்க வேண்டும். மழைக்கு மரம் ஊதினால் துளை விலகி, கம்பி நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். பார்வைக்குப் பூட்டியது போலிருக்கும், தோளால் ஒரு தள்ளு தள்ளினால் திறந்துவிடும். ஆணிகளை விரலால் அசைத்துப் பாருங்கள், 4 துளையில் 2 ஆணிதான் இருக்கும் வீடுகள் உண்டு. பிறகு உள்ளே வீட்டுக்கார அக்காவை நிற்க வைத்துத் தாழ் போடச் சொல்லி, வெளியிலிருந்து நீங்களே தள்ளிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் அன்றைக்கே மாற்றித் தரச் சொல்லுங்கள். ஹார்ட்வெயார் கடையில் வாங்கி அரை மணிக்குள் முடிக்கிற வேலை. கதவடியில் சொருகும் ரப்பர் ஆப்பு ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். சீமெந்துத் தரையில் நன்றாகப் பிடிக்கும், பளபளக்கும் தரை ஓட்டில் வழுக்கும், அதற்கு அடியில் ஈரத் துணி ஒரு மடிப்பு போடுங்கள்.

குளியலறை, கழிப்பறை வீட்டுக்குள்ளா, கிணற்றடியிலா என்று கேளுங்கள். கிணற்றடியில் என்றால் இரவில் பின்கதவைத் திறந்து வளவைக் கடக்க வேண்டும். பின்படலை, அதாவது பின்பக்கக் கேற், பூட்டப்படுகிறதா, வழியில் லைற் உண்டா என்று பாருங்கள். வெளியே கட்டிய குளியலறைகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையே காற்றுக்காக ஒரு அடி இடைவெளி விட்டிருப்பார்கள். பக்கத்து வளவு மதிலோ மாமரமோ அதற்கு நேராக இருந்தால் துணி கட்டி மறைக்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருவார்கள்.

உங்கள் அறைத் திறப்பு இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். இரவில் உள்ளே திறப்பைப் பூட்டிலேயே கால்வாசி திருப்பி விட்டால் வெளியிலிருந்து இன்னொரு திறப்பு நுழையாது.

வந்து இறங்கும் நேரம்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸும் இரவு ரயிலும் விடியப்புறம் இருட்டில்தான் கொண்டுவந்து விடும். முதல் பயணத்துக்குப் பகல் ரயிலே சரி. இரவில்தான் வர வேண்டும் என்றால் இறங்கியதும் கிளம்பாமல், ஆட்கள் இருக்கும் இடத்தில் வெளிச்சம் வரும் வரை இருந்துவிட்டுப் போங்கள். விடிவது 6 மணியளவில். கொக்குவில், கோண்டாவில் பக்கம் தங்குபவர்கள் அங்குள்ள சின்ன ஸ்ரேசனில் இறங்கினால் கிட்ட என்று நினைப்பார்கள். இருட்டில் அது வேண்டாம். யாழ்ப்பாணப் பிரதான நிலையத்திலேயே இறங்குங்கள், ஓட்டோவும் ஆளும் இருக்கும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரவில் இறங்கி நேராக வானில் வருபவர்கள், வானின் முழு எண்ணையும் சாரதியின் பெயரையும் படமாக எடுத்து வீட்டுக்காரருக்கும் உங்கள் வீட்டாருக்கும் அனுப்பிவிட்டு ஏறுங்கள். மற்றப் பயணிகள் எல்லாரும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இறங்கிவிட்டால் கடைசியில் நீங்கள் மட்டும்தான் மிஞ்சுவீர்கள். ஆகவே இறங்கும் வரிசையை ஏறும் முன்பே கேளுங்கள்.

சிம் கார்ட்டுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். விமான நிலையத்திலேயே எடுத்துவிடுங்கள், சாலையோரத்தில் நின்று தேட வேண்டாம். வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி இறக்கி வையுங்கள். ஒரு எச்சரிக்கை: வரைபடம் காட்டும் குறுக்கு வழிகளில் சில தோட்டத்துக்குள்ளும் தரவை எனும் வெட்டவெளிக்குள்ளும் போகும், சில யாரோ ஒருவர் வளவுக் கேற்றில் முடியும். தார் போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள்.

முகம் தெரிய வைப்பது

முதல் நாள் பின்னேரம் வீட்டுக்கார அக்காவோடு சந்திக் கடைக்குப் போய் ஒரு பொருள் வாங்குங்கள். அவர் "இவ எங்கட வீட்டில நிக்கிறா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த நாள் நீங்கள் தனியாகப் போகும்போது கடைக்காரர் சிரிப்பார், ஒழுங்கையில் யாராவது பின்னால் வந்தால் எட்டிப் பார்ப்பார். தினமும் ஒரே கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்குங்கள், நாலு கடைக்கு மாறி மாறிப் போக வேண்டாம்.

கேள்விகள் வரும். "எந்த ஊர்? ஆற்ற வீட்டுக்கு வந்தனீங்கள்? தனியவோ?" பெண்கள் கேட்டால் பெரும்பாலும் அது அக்கறை, பதில் சொல்லுங்கள். சாரதிகளும் வழியில் கண்ட ஆண்களும் கேட்டால் உண்மை முழுவதையும் சொல்லக் கடமையில்லை. "கோயிலடி அக்கா வீட்டில நிக்கிறன், ஆக்கள் பார்த்துக்கொண்டு நிக்கினம்" என்ற ஒரு வரி போதும். தனியாக என்ற சொல்லும், எத்தனை நாள் என்ற கணக்கும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் அதையும் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

உடையைப் பற்றி: ஒருவன் தொல்லை தருவதற்கு உங்கள் உடை காரணம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். சேலை கட்டிய ஆசிரியைக்கும் பஸ்ஸில் அதே தொல்லைதான். கோயில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நகையைப் பற்றிச் சொல்வது வேறு கணக்கு: மெல்லிய சங்கிலியைக்கூடக் கழற்றி வையுங்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து, பின்னால் இருப்பவர் அறுத்துக்கொண்டு போவதுதான் வழமை. வாகனங்கள் இடப்பக்கம் ஓடும் நாடு இது, ஆகவே நீங்கள் வலப்பக்கமாக, வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடங்கள். பையை மதில் பக்கத் தோளில் போடுங்கள். தாண்டிப் போன மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தால் அருகிலுள்ள கேற்றைத் தட்டுங்கள். இந்த ஊரில் தெரியாத வீட்டுக் கேற்றைத் தட்டுவது தப்பே இல்லை.

ஓட்டோ, பஸ்

ஓட்டோவுக்கு ஒரே ஆளை வைத்துக்கொள்வது சிறந்தது. வீட்டுக்காரர் வழமையாகக் கூப்பிடுபவர், முடிந்தால் அதே ஒழுங்கைக்காரர். அவரிடம் கொஞ்சம் கூடக் கொடுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. வாகனம் கூப்பிடும் பிக்மீ செயலி நகருக்குள் உதவும், இரவிலும் தீவுப் பக்கமும் அதையே நம்பியிருக்க வேண்டாம். வீதியில் மறித்து ஏறினால் கூலியை ஏறும் முன் பேசி, எண்ணைப் படமெடுத்து, இருக்கையில் அமர்ந்ததும் சத்தமாகப் போன் பேசுங்கள்: "அக்கா, ஓட்டோவில ஏறிட்டன். இப்ப தட்டாதெருச் சந்தி. கேற்றைத் திறந்து வையுங்கோ." சாரதிக்கு வீட்டு இலக்கத்தைச் சொல்லிப் பயனில்லை, இங்கே இலக்கங்கள் வரிசையாக இருக்காது. சந்தியும் கோயிலும் பள்ளிக்கூடமும்தான் விலாசம். அதைத் தெரிந்து வைத்துச் சொல்பவரை ஊர்க்காரர் என்றே சாரதி எடுத்துக்கொள்வார்.

வீட்டைக் காட்டாமல் நாலு வீடு தள்ளி இறங்குங்கள் என்று பயண அறிவுரைகளில் எழுதுவார்கள். பெருநகரத்துக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே இருட்டு ஒழுங்கையில், நாய்களுக்கு நடுவே, முன்னமே இறங்குவதுதான் கூடுதல் ஆபத்து. கேற்றடி வரை வந்து, வீட்டார் வெளியே வந்த பிறகு இறங்குங்கள்.

பஸ்ஸில் முன்பக்கம், பெண்ணுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். நிற்க நேர்ந்தால் பையை நெஞ்சுப் பக்கம் போட்டு, முதுகை இருக்கைக் கம்பிக்குக் கொடுத்து நில்லுங்கள். பள்ளி விடும் நேரத்து நெரிசலில்தான் கை நீளும். முறைத்துப் பார்ப்பதால் பலன் இல்லை. "கையை எடுங்கோ!" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லுங்கள். உடனே, "கொண்டக்டர் அண்ணை, இந்த நீலச் சேட்டுக்காரர் தொடுறார்" என்று ஆளை அடையாளம் காட்டுங்கள். பொதுவாகக் கத்தினால் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள், சேட்டு நிறத்தைச் சொன்னால் எல்லாக் கண்ணும் அவர் மேல் போகும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி இது குற்றம், 5 ஆண்டு வரை சிறை உண்டு. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு இது.

தீவுப் பக்கம் போகும்போது

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு. யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் அங்கே போகும். நயினாதீவு கால் மணி, நெடுந்தீவு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைப் படகுக்காரரிடமே கேட்பது. பழைய நேரத்தை நம்பிப் போய்ப் படகைத் தவற விட்டால் அன்றிரவு தீவில்தான். கடைசிப் படகுக்கு முந்திய படகிலேயே திரும்புங்கள், குறிகட்டுவானில் பஸ்ஸும் கிடைக்கும். கீரிமலையில் பெண்களுக்குத் தனிக் கேணி மறைப்போடு இருக்கிறது, காலையில் போனால் கூட்டம் குறைவு. காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குக் காலையில் போய் மத்தியானத்துக்குள் திரும்புங்கள், பின்னேரம் குடித்துவிட்டு வரும் கூட்டங்கள் சேரும். மணற்காட்டு மணல்மேடுகளுக்குத் தனியாகப் போக வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அது மிதிவெடி எச்சரிக்கை, வந்த காலடியிலேயே திரும்புங்கள்.

ஏதாவது நடந்தால்

பொலிஸ் 119. அம்புலன்ஸ் 1990, இலவசம். பெண்கள் உதவிச் சேவை 1938. பொலிஸின் பெண்கள், சிறுவர் பணியகம் 109. எதிர்முனையில் சிங்களத்தில் பேசினால் "தமிழ்" என்று சொல்லிக் காத்திருங்கள். இவற்றோடு நீங்கள் தங்கும் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் நேரடி எண்ணை வீட்டுக்காரரிடம் வாங்கித் தாளிலும் எழுதி வையுங்கள், போன் சாகும் நேரம் சொல்லிவிட்டு வராது. நல்லூர், திருநெல்வேலிப் பக்கத்தில் தங்குபவர்கள் தங்கள் வீடு யாழ்ப்பாணப் பொலிஸுக்குச் சேர்ந்ததா கோப்பாய்க்கா என்று கேட்டுவையுங்கள். எல்லை தெரியாமல் அலைய வைக்கும் இடம் அது.

முறைப்பாடு கொடுக்கப் போகும்போது ஊர்ப் பெண் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள். வடக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்வது உங்கள் உரிமை. வாசிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்காமல் திரும்பாதீர்கள், காப்புறுதிக்கும் புதிய கடவுச்சீட்டுக்கும் அதுதான் கேட்பார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. கனடா, பிரித்தானியா போன்ற நாட்டவர் கொழும்பைத்தான் கூப்பிட வேண்டும்.

பாலியல் வன்முறை நடந்திருந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல், நேராகப் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கழற்றிய உடையைக் கடதாசிப் பையில் போடுங்கள், பொலித்தீனுக்குள் ஈரம் தேங்கித் தடயம் கெட்டுவிடும். முதலில் பொலிஸுக்குப் போனால்தான் வைத்தியம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பெயரில் இதற்கென்று பிரிவு இயங்குகிறது, வாசலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே போதும், நடந்ததை வரிசையில் நின்று சொல்லத் தேவையில்லை. எச்ஐவி தடுப்பு மருந்தும் கருத்தடை மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டியவை, எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் தாமதிக்கக் கூடாது.

நாய் கடித்தால், சிறு கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அதே நாளில் வைத்தியசாலைக்குப் போங்கள். ஒழுங்கை நாய்களைக் கண்டு ஓடாதீர்கள். நின்று, ரோச் லைற் வெளிச்சத்தை நிலத்தில் அடித்து, குடையை முன்னால் பிடித்தபடி மெல்லக் கடந்தால் குரைத்துவிட்டு விடும்.

திரும்பும் நாளில் இரவு பஸ் என்றால் பொழுது இருக்கும்போதே வீட்டிலிருந்து கிளம்புங்கள். வழமையான ஓட்டோ அண்ணை பெட்டியை பஸ்ஸில் ஏற்றும் வரை நிற்கட்டும், அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துக் கூலி பேசிவிடுங்கள். பஸ்ஸின் எண்ணை வீட்டுக்கார அக்காவுக்கு அனுப்புங்கள். கொழும்பில் இறங்கியதும் ஒரு போன் போடுங்கள், விடியவிடிய அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பார்.